செட்டிபாளையம் பஸ்ஸில் ஓர் அரைமண்டி

"நடனத்தில எழுதச் சொன்னா நான் பாஸ் புள்ள, ஆடச் சொன்னாத்தான் பெயில்."

காலை ஏழு மணி. செட்டிபாளையத்தில் இருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. இதைச் சொன்னவள் சலங்கைப் பையைக் கட்டிப்பிடித்திருந்தாள். அவளுக்கும் பக்கத்தில் நின்ற தோழிக்கும் பதினோராம் ஆண்டு. இன்றைக்கு நடனச் செயன்முறைப் பரீட்சை.

"அரைமண்டி இன்னும் வரல்லியாகா?" என்றாள் தோழி.

"எங்க வருது! முழங்காலை மடக்கினா முதுகு வளையுது, முதுகை நிமித்தினா முழங்காலும் நிமிருது. டீச்சர் மூணு வருசமாக் கத்துறா."

குருக்கள்மடத்தில் ஒரு மாடு குறுக்கே வர, சடாரென்று பிரேக். எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். அவள் மட்டும் முழங்கால்கள் இரு பக்கமும் மடிய, முதுகு நேராக, அசையாமல் நின்றாள்.

"அப்படியே நில்லு புள்ள! இதுதான் அரைமண்டி!" என்று கத்தினாள் தோழி.

"மெய்யாவா?"

"குனிஞ்சு பாக்காத, போயிரும்!"

பக்கத்து சீட்டுப் பெண் எழும்பினார். "மகள், நான் இறங்கப் போறன். இதில இரி."

"வேணாம் அன்ரி. இரிந்தா இது திரும்ப வராது."

கல்லடிப் பாலம் தாண்டும் வரைக்கும் அந்த சீட்டில் அவள் வைத்த சலங்கைப் பைதான் சொகுசாகப் பயணம் செய்தது.