முகத்தின் குறுக்கே

சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதும் வாக்குமூலம் இது. என் பெயரும் வீட்டு முகவரியும், நான் கேட்டுக்கொண்டபடி, தனித்தாளில் எழுதி உறையிலிடப்பட்டுள்ளன. வயது முப்பத்தெட்டு. சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம் எடுப்பதும் பழைய படங்களைச் சரிசெய்து கொடுப்பதும் என் வேலை. வீட்டில் நானும் என் தாயாரும் மட்டும். எனக்கு ஒரே தங்கை. அவள் இரண்டு வருடங்களுக்கு முன் பத்து நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்திருக்கிறேன்.

இணையத்தில் என் கடைப் பக்கத்தில் போடும் ஒவ்வொரு படத்திலும் கடைப் பெயரை முகத்தின் குறுக்கே பெரிதாகப் போட்டுவிடுவது என் வழக்கம். ஓரத்தில் போட்டால் வெட்டியெடுத்துத் தன் படம் என்று சொல்லிக்கொள்ள ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். மூன்று முறை பட்டிருக்கிறேன். இதை வைத்துத் தங்கை என்னைக் கேலி செய்வாள். புது வேலைக்காக அவளைப் படமெடுத்த அன்று, எல்லாம் முடிந்து ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவளை அவளுக்குத் தெரியாமல் இன்னொன்று எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "என் மூஞ்சி குறுக்க மட்டும் உன் கடை போர்டை மாட்டிடாத அக்கா" என்றாள். அவள் இறந்து ஒரு வருடம் ஆனபோது அந்தப் படத்தைத்தான் பக்கத்தில் போட்டேன். அவள் சொன்னது ஞாபகத்துக்கு வந்ததால் பெயரைக் கீழே ஓரத்தில் சின்னதாகப் போட்டேன். தொழில் தெரிந்தவள் செய்யக்கூடாத காரியம் அது. தெரிந்தேதான் செய்தேன்.

கடந்த மாதம் நான்காம் தேதி பகல் பதினொரு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கடைக்கு வந்து, தன் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுத் தரச் சொன்னார். அது என் தங்கை படம். "கீழ ஏதோ அழுக்கு மாதிரி இருக்கு மேடம், அதை மட்டும் எடுத்துடுங்க" என்றார். அது அழுக்கு இல்லை, என் கடைப் பெயரின் எழுத்துகளில் மேல்பாதி. வெட்டிய ஆள் அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டேன். "நான் கட்டிக்கப் போறவங்க. எட்டு மாசமா பேசிட்டிருக்கோம். வீடியோல வரத்தான் கூச்சப்படுவாங்க" என்றார். சுவரில் மாட்டியிருந்த அதே படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் யார்கூட மேடம் பேசிட்டிருக்கேன்?" என்று கேட்டார். அது யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

அதன்பின் அவர் பேசிவந்த இணையப் பக்கத்தின் முகவரியை அவரிடம் வாங்கிப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பெயருக்குப் பக்கத்தில் என் தங்கை முகம், அதன் ஓரத்தில் பச்சைப் புள்ளி. இரண்டு வருடங்களாக இல்லாதவள் இப்போது இணைப்பில் இருப்பதாகக் காட்டியது. உடனே அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். படத்தில் இருப்பவரே புகார் தரவேண்டும், இல்லையென்றால் படமெடுத்தவர் அசல் கோப்பைக் காட்டவேண்டும் என்று பதில் வந்தது. அசல் என் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது, அது பழுதாகிக் கிடந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தேன், மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தில் அந்தப் பக்கத்தில் புதுப் படங்கள் வர ஆரம்பித்தன. பள்ளிச் சீருடையில் தங்கை, பல் விழுந்த வாயோடு தங்கை, என் கையைப் பிடித்துக்கொண்டு தங்கை. கடைசிப் படத்தில் நான் வெட்டப்பட்டு என் கை மட்டும் இருந்தது. அவையெல்லாம் எங்கள் பீரோவில் இருக்கும் ஆல்பத்துப் படங்கள், ஒருநாளும் வீட்டைவிட்டு வெளியே போகாதவை. அவளேதான் போடுகிறாளோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அன்று முழுக்கக் கடையில் அவள் உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மறுநாள் அந்தப் படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். சீருடைப் படத்தின் இடது மூலையில், ஆல்பத்தை அழுத்திப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. நகம் நடுவில் பிளந்திருந்தது. தையல் மெஷின் ஊசி ஏறிப் பிளந்த அந்த நகத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது என் தாயாரின் விரல்.

அதன்பின் வீட்டுக்குப் போய் அவரைக் கேட்டேன். நான் வீட்டு டேப்லெட்டில் அந்தப் பக்கத்தை மூடாமல் விட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, அன்றே தன் போனிலிருந்து "கண்ணு, சாப்பிட்டியா?" என்று எழுதியிருக்கிறார். சாப்பிட்டேன் அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா என்று பதில் வந்திருக்கிறது. பிறகு அந்தப் பக்கம் பழைய படம் இருந்தால் அனுப்பும்படி கேட்டிருக்கிறது, இவர் ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கிறார். மொத்தம் பதினேழு. எனக்கு வந்த கோபத்தில், செத்தவள் பதில் எழுதுவாளா என்று கத்திவிட்டேன். "எனக்குத் தெரியாதாடீ அவ இல்லைன்னு? அவ எந்தக் காலத்துல என்னை வாங்க போங்கன்னு பேசினா?" என்றார். பிறகு, "ஆனா அம்மான்னு வருதுடீ. அதை எடுத்துடாத" என்றார். நான் அவரைத் திட்டியதற்கு வருந்துகிறேன். அதையும் எழுதச் சொன்னேன்.

தாயார் பெயர் இதில் வராமல் முடியுமா என்று கேட்டேன். படங்கள் எப்படிப் போயின என்று எழுதித்தான் ஆகவேண்டும் என்றார் அதிகாரி. நேற்று நான் இங்கே வருவதாகத் தாயாரிடம் சொன்னேன். இன்று காலை தன் போனைத் தானே என் கையில் கொடுத்துவிட்டு என்னுடன் வந்தார். இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார். போன் இந்த மேஜைமேல் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை ஒலித்தது. "அம்மா, ஏன் பேசவே இல்ல?" என்று திரையில் வந்ததை நானும் எழுத்தரும் பார்த்தோம். எழுத்தர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தப் பக்கத்தை நீக்கவும், பதினேழு படங்களும் இனி எங்கும் வராமல் தடுக்கவும் வேண்டுகிறேன். இப்போது கிடைத்துவிட்ட அசல் கோப்பையும் அதன் அச்சுப் பிரதி ஒன்றையும் ஒப்படைத்தேன். பிரதியில் பின்பக்கம் கையெழுத்திடட்டுமா என்று கேட்டேன். நகலெடுத்தால் தெரியாது, படத்தின் மேலேயே நன்றாகத் தெரிகிற மாதிரி போடவேண்டும் என்றார் அதிகாரி. ஓரமெல்லாம் நிழல் விழுந்து இருட்டாக இருந்ததால் மை தெரியவில்லை. வெளிச்சமாக இருந்த ஒரே இடம் அவள் முகம்.

இங்கே எழுதியிருப்பது முழுவதும் என் வாயால் நான் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. இந்தத் தாளின் கீழேயும் அந்தப் படத்தின் குறுக்கேயும் இருப்பது என் கையெழுத்துதான்.

(ஒப்பம்)