நாஜியாவின் கண்ணாடிப் பாட்டில்

இந்தத் தே தாரிக் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சீனிதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடிக்கிறேன். வக்கீல் வரட்டும் என்கிறீர்கள். எதற்கு? நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

ஆற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கிள்ளானுக்கு வெளியே, காய்கறித் தோட்டங்களை ஒட்டி ஓடும் ஆறு பல வருஷமாக என் பொறுப்பு. தோட்டத்தில் அடிக்கிற மருந்து மழைக்கு ஆற்றில் இறங்கிவிடும் என்று கரையோரக் கம்பத்தில் ஊரே பயந்து கிடந்தது. நான் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை.

கரையோரம் குடியிருக்கும் வீரம்மா ஒருநாள் கேட்டார்: "டாக்டர், ஆத்து மீனு சாப்பிடலாமா? எம் மக மலரு முழுகாம இருக்கா."

"பயப்படாம சாப்பிடச் சொல்லுங்க லா," என்றேன். அன்றிலிருந்து அந்தம்மா என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவார். கிளம்பும்போதெல்லாம் ஒரு பை மீன் கொடுத்து அனுப்புவார். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போட்டுவிடுவேன். எனக்கு ஆற்று மீன் வாடை ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

நாஜியா கீழக்கரையிலிருந்து வேலை விசாவில் வந்து எங்கள் ஆய்வில் சேர்ந்த பெண். கெட்டிக்காரி, சிரித்த முகம். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தண்ணீரை அவள் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்தாள். நான் எப்போதும் பிளாஸ்டிக்கில்தான் எடுப்பேன். கண்ணாடி வண்டிக் குலுக்கலில் உடையும். அவள் எடுத்த தண்ணீரில் மருந்து இருந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் இருந்தது.

அன்று காலை ஆற்றில் இறங்கியபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மருந்து பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். தண்ணில இருந்ததெல்லாம் பாட்டிலோட உள்சுவர்லயே தங்கிடுச்சு. அதான் உங்களுக்கு ஒண்ணுமே வரல."

"மெதுவா பேசிக்கலாம்மா."

"அதுவரைக்கும் மலர் அக்கா அந்த மீனத்தானே சாப்பிடுவாங்க? கரையேறினதும் அவங்ககிட்ட சொல்லிடுறேன் சார்."

பாருங்கள், எவ்வளவு அவசரம். ஒரு கம்பமே என்னை நம்புகிறது. அந்த நம்பிக்கை போனால் நாளைக்கு எந்த ஆய்வாளர் பேச்சையும் கேட்க மாட்டார்கள். அதையெல்லாம் யோசிக்கிற வயசு அவளுக்கு இல்லை. யாராவது யோசிக்க வேண்டுமே.

தண்ணீர் எடுக்கிறவர் நீரோட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கூட வந்தவர் பின்னால் நிற்க வேண்டும், கால்பட்டுக் கலங்கும் சேறு பாட்டிலுக்குள் போகக்கூடாது. அவள் குனிந்தாள். நான் முறைப்படி பின்னால் நின்றேன். காலடியில் கிடந்த கல்லை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். எலும்பு உள்ளே இறங்கியது கையில் தெரிந்தது. அப்படியும் எழப் பார்த்தாள். "சார்" என்றுதான் கூப்பிட்டாள், வழுக்கி விழுந்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ. முடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினேன். முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டேன். நகத்தால் என் கையைக் கிழித்தாள், கீறலைத்தான் பார்த்தீர்களே. குமிழி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

ரத்தம் நீரோட்டத்தோடு கீழ்ப்பக்கமாகப் போய்விட்டது. மேல்பக்கம் தண்ணீர் தெளிவாகவே வந்துகொண்டிருந்தது. வந்த வேலை கெடுவானேன் என்று என் பாட்டிலை நிரப்பிக்கொண்டேன். அவளுடைய பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்தேன்.

வழியில் வீரம்மா வழக்கம்போல மீன் கொடுத்தார். மலர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். "நல்லா சாப்பிடும்மா," என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது.

ஆமாம், நாஜியாவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் நுரையீரலில் இருந்த தண்ணீரில் பூச்சிமருந்து இருந்ததாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்தத் தண்ணீரை எந்தப் பாட்டிலில் எடுத்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். என்னுடையதில் எடுத்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது.