திரும்பும் தேதி

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி, கழிவறை எங்கே என்பதுதான். இருபத்தேழு வருடம் அங்கே பதிவாளராக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். அதனால்தான் நிரந்தரக் கூடங்களைப் புதுப்பிக்க வெளியிலிருந்து ஒரு வடிவமைப்பு நிறுவனத்தை அமர்த்தப்போகிறோம் என்று இயக்குநர் சொன்னபோது, "சார், முதல்ல கழிவறைக்கு ஒரு அம்புக்குறி போடுவோம்" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குள் நிறுவனங்களுக்குக் கடிதம் போய்விட்டிருந்தது.

நீங்கள் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். என் வேலை முறையை முதலில் சொல்லாவிட்டால் அது உங்களுக்குப் புரியாது. கூடத்திலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டு வைக்க வேண்டும். என்ன பொருள், யார் எடுத்தது, எதற்காக, இப்போது எங்கே இருக்கிறது, திரும்பும் தேதி என்ன. ஐந்தே வரி. எங்கள் சிப்பந்திகள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு 'சீட்டு சார்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். வைக்கட்டும். என் காலத்தில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கூடத்தில், பழங்கால வீட்டு அறை என்று ஒரு பெரிய கண்ணாடிப் பேழை இருக்கிறது. கட்டில், விளக்கு, தையல் பெட்டி, ஒரு சிறிய மேசை. அந்த மேசைமேல் இருக்கும் மூக்குக்கண்ணாடியும் மரச்சீப்பும் என் மனைவியுடையவை. ஒன்பது வருடங்களுக்கு முன் அவள் என்னை விட்டுப் போனாள். அதன்பின் நான்தான் அவற்றை அங்கே கொண்டுவந்து வைத்தேன். நூறு வருடப் பழமை என்று பதிவேட்டில் பொய்யும் எழுதினேன். தப்புதான். ஆனால் வீட்டில் வைத்தால் தூசி படியும். தினமும் காலையில், கதவு திறக்குமுன், பேழைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது. புதுப்பிப்பு என்றதும் நான் முதலில் போய் அந்தப் பேழையின் பூட்டைச் சரிபார்த்தது அதனால்தான்.

மூன்று நிறுவனங்கள் வந்தன. தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். முதலாவது, பேழைகளை எடுத்துவிட்டுத் திரைகள் வைக்கலாம் என்றது. இரண்டாவது, பொருட்களில் பாதியைக் கிடங்குக்கு அனுப்பச் சொன்னது. மூன்றாவதாக ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். இடுப்பில் அளவு டேப் தொங்கியது.

"எந்தப் பொருளையும் நாங்க நகர்த்த மாட்டோம். வெளிச்சத்தை மட்டும் மாத்துவோம்" என்றார். "உங்ககிட்ட இருக்கறதே போதும் சார். யாரும் அதைச் சரியாப் பாக்கல, அவ்வளவுதான்."

மதிப்பீட்டுத் தாளில் அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன். இயக்குநருக்கு இரண்டாவது நிறுவனத்தின்மேல்தான் கண். இரண்டு கூட்டங்களில் கரடியாய்க் கத்தி அவரை வழிக்குக் கொண்டுவந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அது.

அளவுக்காரம்மா என்று சிப்பந்திகள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். கட்டடத்தில் அவர் அளக்காத மூலை கிடையாது. டேப்பின் கொக்கி முனையை என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியோடு மறுகோடிக்குப் போவார். "சார், விட்டுடாதீங்க" என்பார். நானும் விடமாட்டேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மத்தியானம் மூன்றாம் கூடத்தில் புது விளக்கைச் சோதித்தார்கள். பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக ஒரு வெளிச்சம். அதுவரை இருட்டில் ஒதுங்கியிருந்த மூக்குக்கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. அதன் இடது காலில் நான் சுற்றிக் கட்டியிருந்த செப்புக் கம்பி மின்னியது.

"நூறு வருஷப் பழசுன்னு போட்டிருக்கு. இந்தக் கம்பி கரண்ட் ஒயர்ல உருவினது மாதிரில்ல இருக்கு?" என்றார்.

"பின்னாடி யாராவது ரிப்பேர் பண்ணியிருப்பாங்க" என்றேன்.

"ம்" என்று சொல்லிக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் அவர் எதைச் செய்தாலும் எனக்கு இரண்டு அர்த்தம் தெரிந்தது. என் அறைக்கு வந்து தேநீர் குடித்தார். என் மேசையில் இருந்த மனைவியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அவள் அதே கண்ணாடி போட்டிருக்கிறாள், அதே கம்பியோடு. அவர் போனதும் படத்தை இழுப்பறைக்குள் வைத்தேன். வைத்தது தவறு என்று தோன்றி மறுபடி வெளியே எடுத்து வைத்தேன். வாயிற்காவலர் ஒரு நாள், "உங்க வீட்டம்மா எப்போ போனாங்கன்னு அளவுக்காரம்மா கேட்டாங்க சார்" என்றார். நானும் அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசியில் அவரே வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். அந்தக் கண்ணாடி உங்க வீட்டம்மாவோடதுதானே?"

"ஆமா."

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. எங்கப்பாவோட வாட்ச்சை நானும்தான் வச்சிருக்கேன். ஓடாது. இருந்தாலும் சாவி கொடுப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. ஒன்பது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அத்தோடு அவர் எழுந்து போயிருந்தால் இன்று நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம்.

"ஒண்ணுதான் சார் புரியல" என்றார். "லென்ஸ் அவ்வளவு தடிமனா இருக்கு. அது இல்லாம அவங்களுக்கு வாசப்படியே தெரிஞ்சிருக்காது. வேற கண்ணாடி வச்சிருந்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிப் போனாங்க?"

என் மைத்துனன் வருடத்துக்கு ஒரு முறை போன் செய்வான். "அக்காகிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா மாமா?" என்று கேட்பான். கூடப் பிறந்தவனுக்கே தோன்றாத கேள்வி இது. நான் அவரிடம், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிறவனை யாரும் நம்புவதில்லை. அவர் முகத்தில் அது தெரிந்தது.

மறுநாள் எங்களுக்கு வார விடுமுறை. அவரும் நானும் காவலரும்தான். காவலர் சாப்பிடப் போயிருந்தார். அளக்க ஒரே ஓர் அறைதான் பாக்கி என்றார் அவர். பூச்சி அறை. மரச்சாமான்களை அரிக்கும் பூச்சிகளைக் கொல்வதற்கான அறை அது. ஜன்னல் கிடையாது, கனமான இரும்புக் கதவு. பொருளை உள்ளே வைத்துப் பூட்டி, காற்றை வெளியேற்றிவிட்டு வேறு வாயுவை நிரப்புவோம். இருபத்தொரு நாள் கழித்துத் திறப்போம்.

கைப்பையையும் போனையும் வெளியே மேசைமேல் வைத்துவிட்டு அவர் உள்ளே போனார். கொக்கி முனை என் கையில். பின்சுவர் வரைக்கும் போய்க் குனிந்தார். நான் கையை விட்டேன். டேப் சரசரவென்று சுருண்டு அவரிடம் ஓடியது.

"சார், விட்டுட்டீங்க" என்றார். குரலில் பயம் இல்லை.

கதவைச் சாத்தினேன். செய்ய வேண்டியதை வரிசைப்படி செய்தேன். பின் அவருக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த அறைக்குப் போய், அவர் நாற்காலியில் ஒரு மஞ்சள் சீட்டு வைத்தேன். வடிவமைப்பாளர், ஒருவர். எடுத்தது நான். எதற்காக, பாதுகாப்பு. இப்போது இருக்கும் இடம், பூச்சி அறை. திரும்பும் தேதி, இருபத்தொரு நாள் கழித்து. கீழே என் சுருக்கொப்பம். மறுநாள் காலையில் இயக்குநர் அதைப் பார்த்து முதலில் வேடிக்கை என்று நினைத்தாராம்.

இவ்வளவு முட்டாள்தனமாக மாட்டிக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். முட்டாள்தனம் இல்லை ஐயா. நாற்காலி காலியாக இருந்தது. காலியான இடம் பதில் சொல்ல வேண்டும். சீட்டை வைத்த பிறகுதான் வைத்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அவருடைய போன் மேசைமேல் மூன்று முறை அடித்தது, 'அம்மா' என்று பெயர் வந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இனி, நீங்கள் கேட்காதது. என் வீட்டுச் சமையலறையில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். அங்கேயும் ஒரு சீட்டு இருக்கும்.

அன்று அவள் பெட்டி கட்டினாள். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். சொல்லவில்லை. எப்போது திரும்புவாய் என்றேன். "திரும்ப மாட்டேன்" என்றாள். திரும்பும் தேதி இல்லாமல் நான் எதையும் வாசல் தாண்ட விட்டதில்லை. உடைந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியை முதலில் கழற்றி மேசைமேல் வைத்தேன். பிறகு தலையணையை எடுத்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

கிடங்கில் ஏழாம் வரிசை, கீழ்த்தட்டு, நீளமான மரப்பெட்டி. பழைய கட்டில் என்று எங்கள் வண்டியிலேயே வந்தது. சீட்டு என் கையெழுத்தில் இருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. பூச்சி அறையில் இருபத்தொரு நாள் வைத்துத்தான் உள்ளே சேர்த்தேன். பெட்டிமேல் எண் இருக்கிறது. பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள், ஓர் எழுத்துப் பிசகாது. பொருள் வந்த விதம் என்ற இடத்தில் அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறேன். கொடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. கையெழுத்தை மட்டும் நான் போட்டேன்; கேட்டிருந்தால் அவளே போட்டுக் கொடுத்திருப்பாள்.