இது யாரு மண்ணு?

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு புரட்டாசி வியாழன். ஜெயங்கொண்டத்திலிருந்து காலை ஒன்பதே காலுக்கு அரியலூர் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"எங்க வூட்டு அடுப்புக்குக் கீழ ராஜா வூட்டு அடுப்பு இருக்காம்க்கா" என்றாள் கங்கைகொண்டசோழபுரத்துக்காரி.

"யாருடி சொன்னா?" என்றாள் அரியலூர்க்காரி.

"தொல்பொருள் ஆபீஸருதான். தையில மவனுக்குக் கல்யாணம். கொல்லையில ஒரு ரூமு கட்டக் கடக்கால் தோண்டுனோம். கீழ அரமண இருக்குன்னு ஓடியாந்து நிறுத்திட்டாரு."

"எங்க ஊருல தோண்டுனா சுண்ணாம்புக்கல்லு. ஒங்க ஊருல தோண்டுனா ராஜாவா?"

"கேளுக்கா. அதுக்கு மொத நாளுதான் ராஜாவுக்கு விழா. இது யாரு மண்ணுன்னு மேடையில கேட்டாங்க. நம்ம மண்ணுன்னு தொண்ட கிழியக் கத்துனேன். மறுநாளு, இது சர்க்காரு மண்ணு, மம்புட்டியக் கீழ போடுங்கறாரு."

"இனிமே விழாப் பக்கம் போவியா?"

"போவாம? எங்க ராஜால்ல! மார்கழியில மறுபடி விழா வருது. பந்தலுக்குக் குழி தோண்டுனா எந்த ஆபீஸரும் கேக்க மாட்டாரு. மேடைய எங்க வூட்டுக் கொல்லையில போடுங்கன்னு மனு குடுக்கத்தான் இப்பப் போறேன்."