கெரெக்குக்கு ஆறு ஓட்டு

எங்கள் திரைப்படச் சங்கத்தில் பிஸ்கட் கொண்டுவருவதற்குக்கூட முறை உண்டு, சார்ஜென்ட். அதிலும் யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. நாங்கள் அமைதியானவர்கள். மொத்தம் பதினோரு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்குக் காது மந்தம். கீழே எழுத்து ஓடுகிற வெளிநாட்டுப் படங்களை நாங்கள் விரும்பிப் பார்ப்பதற்கு அதுதான் காரணம் என்று வில்மா கர்ரன் சொல்வாள். வில்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நகைச்சுவை தனக்கு வரும் என்று நம்புகிறவள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டெடுப்பு நடத்துவோம். உலகின் தலைசிறந்த பத்து இயக்குநர்கள் யார், யாருக்கு எந்த இடம் என்று அவரவர் வீட்டிலேயே சீட்டில் எழுதிவந்து, கூடத்தில் எழுந்து நின்று படிக்க வேண்டும். டாஸ்மேனியாவின் வடக்குக் கரையில் பதினோரு கிழங்கள் என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள் என்று உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததாகத் தகவல் இல்லை. இருந்தாலும் முடிவைத் தங்க நிற எழுத்தில் மரப்பலகையில் எழுதி, நாங்கள் கூடுகிற கடல் மீட்புக் குழுவின் கூடத்தில் மாட்டுவோம். கடலில் ஆள் காப்பாற்றியவர்களின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே.

நான்கு தேர்தல்கள் நடந்திருக்கின்றன. நான்கிலும் முதலிடம் ஹங்கேரிய இயக்குநர் கெரெக்குக்கு. ஒவ்வொரு முறையும் ஆறுக்கு ஐந்து. நீங்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது உங்கள் தவறு இல்லை, நம் பள்ளிக்கூடங்களின் தவறு. அவருடைய மிகச் சிறந்த படத்தில் ஒரு கிழவர் மூன்றரை மணி நேரம் கதவுக்கு எண்ணெய் போடுகிறார். கடைசியில் கதவைத் திறக்கிறார், அது கிறீச்சிடுகிறது. முதல்முறை பார்த்தபோது நான் அழுதேன். அடுத்த ஆறு முறையும் அழுதேன்.

வில்மாவின் ஆள் லென் குவில். குவீன்ஸ்லாந்துக்காரர். ஆட்டு ரோமம் வெட்டுகிறவர்கள் சாணித் தொட்டியில் விழுகிற படங்களை எடுத்தவர். ஒரு படத்தில் ஒருவர் விழுவார், அடுத்த படத்தில் இருவர். கலை வளர்ச்சி என்றால் அதுதான்.

"மெர்வ், உங்க ஆளு படத்துல கதவு திறக்கறதுக்குள்ள என் ரெண்டு பேத்திகளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு" என்பாள் வில்மா. கூடம் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆறு ஓட்டு கையில் இருப்பவன் சிரிக்கலாம்.

அந்த ஆறாவது ஓட்டு பேசில் டூமியுடையது.

பேசிலைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்ல முடியும். முப்பது வருட நட்பு. படகுத்துறையில் கிரேன் ஓட்டியவன். என் மனைவி ஐரீன் இறந்தபோது மூன்று வாரம் என் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு, காலையில் முட்டை பொரித்துக் கொடுத்து, நான் சாப்பிடுகிறேனா என்று எதிரே உட்கார்ந்து பார்த்தவன். சாயங்காலங்களில் என்னோடு கெரெக் படம் பார்த்தவன். அவனைப் போல ஒரு நண்பன் எனக்கு அப்புறம் அமையவில்லை. நாள் ஆகவில்லைதான், பதினாறு நாள்தான் ஆகிறது.

இந்த முறை தேர்தல் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வியாழக்கிழமை பேசிலை வீட்டுக்குக் கூப்பிட்டேன். தேர்தலுக்கு முன்னால் கதவுப் படத்தை ஒருமுறை பார்ப்பது எங்கள் வழக்கம். இரண்டாவது மணி நேரத்தில் குறட்டை கேட்டது. எழுப்பினேன். அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சொன்னான்:

"இன்னும் எண்ணெய்தான் போட்டுக்கிட்டு இருக்கானா?"

"பேசில், இது நல்லா இல்ல."

"இல்ல மெர்வ், இன்னிக்குச் சொல்லிடறேன்டா. எனக்கு இந்த ஆளைப் புடிச்சதே இல்ல. ஐரீன் போனப்ப நீ தனியா உக்காந்து பாக்கக் கூடாதேன்னு பார்த்தேன். ஓட்டும் உனக்காகத்தான் போட்டேன். எனக்கு வயசு எழுபத்தி மூணு. ஒரு தடவையாவது சிரிக்க வச்சவனுக்குப் போடறேனே? குவில் படத்துல அந்த ரெண்டு பேரும் தொட்டியில விழறாங்க பாரு, அதுக்கு நான் இன்னும் சிரிக்கறேன்டா."

"இதை ஞாயித்துக்கிழமை கூடத்துல சொல்லப்போறியா?"

"கேட்டா சொல்லுவேன். பொய் சொல்லச் சொல்றியா?"

நான் கோபப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். அவன் மனசு இலேசானவனாக வீட்டுக்குப் போனான். நான் உட்கார்ந்து யோசித்தேன். ஓர் ஓட்டு மாறினால் ஐந்துக்கு ஆறு. சுவரில் ஐந்து வருடத்துக்கு லென் குவில். அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இருபது வருடமாக ரசிக்காமலே ரசித்தான் என்பதை அவன் வாயாலேயே வில்மா கேட்பாள். பேசிலை எல்லோரும் என்ன நினைப்பார்கள்? ரசனை இல்லாதவன் என்றல்லவா? அவனுடைய நல்ல பெயரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வெள்ளிக்கிழமை காலை அவனே போன் செய்தான். சனிக்கிழமை நீர்க்காகப் பாறைக்குக் கணவாய் பிடிக்கப் போகிறானாம். அந்தப் பாறைக்குக் கடல் வற்றியிருக்கும்போது கரையிலிருந்து நடந்தே போகலாம். கடல் ஏறினால் நடுவிலுள்ள பள்ளத்தில் முதலில் தண்ணீர் நிறையும், பிறகு பாறையே முங்கிவிடும். கடல் ஏறி இறங்குகிற நேரம் போட்ட அட்டை என் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எத்தனையோ வருடமாகப் பேசில் என்னிடம்தான் நேரம் கேட்பான். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

"நாளைக்கு எப்ப நல்லா வத்தும், பார்த்துச் சொல்லு மெர்வ்."

சனிக்கிழமைக்கு எதிரே ஒன்பது இருபது என்று போட்டிருந்தது. நான் நான்கு வரி தள்ளிப் படித்தேன். புதன்கிழமை வரி. "ஒண்ணு பத்து" என்றேன்.

"அப்ப பதினோரு மணிக்குப் போனா மூணு வரைக்கும் கவலையில்ல. கணவாய் கெடைச்சா உனக்கும் கொண்டாறேன்" என்றான். நன்றி சொன்னேன். நன்றி சொல்ல நான் எப்போதும் மறப்பதில்லை.

நீங்கள் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்: ஆமாம், நான் அங்கே போயிருந்தேன். மேட்டில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல ஜூன் மாதக் குளிர். முட்டை சாண்ட்விச் கொண்டுபோயிருந்தேன், பைனாகுலரும். பதினொன்றே காலுக்கு அவன் மார்பு வரை வருகிற ரப்பர் கால்சட்டையோடு பள்ளத்தைக் கடந்தான், முழங்கால் ஆழம். தண்ணீர் இன்னும் வற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருப்பான். பன்னிரண்டரைக்குத் திரும்பிப் பார்த்தான். ஒரு மணிக்குப் பள்ளத்தின் ஓரம் வரை வந்து, கால் வைத்துப் பார்த்துவிட்டு, பின்வாங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியும், ஆனால் அந்தக் கால்சட்டைக்குத் தெரியாது. ஒன்றரைக்கு அவன் என் காரை அடையாளம் கண்டுகொண்டான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

நானும் கையை ஆட்டினேன். ஒரு கையைத்தான். மற்றதில் சாண்ட்விச் இருந்தது.

அவன் போன் அவன் காரிலேயே இருந்தது. போன வருடம் ஒன்றைக் கடலில் போட்டதிலிருந்து அவன் எடுத்துப்போவதில்லை. என் போன் என் சட்டைப்பையில் இருந்தது. நிறைய சார்ஜ் இருந்தது. இரண்டு இருபதுக்கு ஒரு பெரிய அலை வந்தது. அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. நீளமாக, வெட்டு இல்லாமல், சத்தமில்லாமல் முடிந்தது. கெரெக் எடுத்திருந்தால் இப்படித்தான் எடுத்திருப்பார். பேசிலுக்கு அது ரசித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அவனும் நடத்தத்தான் சொல்லியிருப்பான் என்றேன். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு ஓட்டு எண்ணினோம். ஐந்துக்கு ஐந்து. நான் எழுந்து, சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், பேசில் இருபது வருடமாக யாருக்குப் போட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவன் நினைவாக அந்த ஓட்டைச் சேர்த்துக்கொள்வோம் என்றேன். வில்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சேத்துக்கங்க மெர்வ். பாவம், அவன் அந்தக் கதவுப் படத்துக்கு உசுரையே குடுப்பான்" என்றாள்.

கணக்கு டீச்சர் ஒருத்தி அவ்வளவு துல்லியமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவன் மகள் வீட்டைச் சுத்தம் செய்தபோது ஓட்டுச்சீட்டு உறை கிடைத்தது. அவன் வெள்ளிக்கிழமை நான் போனில் சொன்னதை அந்த உறை மேலேயே குறித்திருக்கிறான். 'சனி. வத்து 1.10. மெர்வ் சொன்னது.' பெரிய பெரிய எழுத்து. மகள் கடல் நேர அட்டை ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கிறாள், உங்களிடம் வந்திருக்கிறாள். புத்திசாலிப் பெண். நான் மறுக்கவில்லை. வரியை வேண்டுமென்றேதான் மாற்றிப் படித்தேன். அவன் சாக வேண்டும் என்றுதான் படித்தேன். தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

உறைக்குள் இருந்ததை இப்போதுதான் காட்டுகிறீர்கள். முதல் இடம், கெரெக். பக்கத்தில் ஒரு வரி: 'மெர்வ் மூஞ்சி பார்க்கச் சகிக்கல. இன்னும் ஒரு தடவை, போகட்டும்.'

அதாவது, அவன் பாறைக்குப் போகும் முன்பே எனக்கு ஆறு ஓட்டு இருந்திருக்கிறது. ஏதாவது சொல்லுங்கள் என்கிறீர்கள். கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

நன்றி.

ஆனால் இரண்டாவது இடத்தைப் பார்த்தீர்களா, சார்ஜென்ட்? லென் குவில். கெரெக்குக்கு நேர் கீழே, இடைவெளிகூட விடாமல். இதை அவன் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அவனை எவ்வளவு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறேன்.