புஹாரி முதலாளியின் ஜீப்பில் பழைய பேரிங் போன விதம்

பெயர்: மஸீனா. வயது: 43. கணவர்: ஸக்கரியா, ஜீப் மெக்கானிக். முகவரி: அலுவிகாரை, பெரிய பாதை, கராஜுக்குப் பின்வீடு. திகதி: 1973.08.14, காலை 9.40.

சென்ற மாதம் பல்லேபொல புஹாரி முதலாளி, தனது ஜீப்பின் டிபரன்ஷல், அதாவது பின் சில்லுகளைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி, இரைகிறது என்று எங்கள் கராஜில் விட்டார். அதன் பிறகு எனது கணவர் அதைக் கழற்றி, எதைப் புதிதாக வாங்குவது, எதைக் கழுவிப் போடுவது, எந்த வேலை ஆயுதத்தை இரவல் கேட்பது என்று திட்டம் போட்டார். சாமான் கிடைக்காத காலமாகையால் பட்டியல் மூன்று தடவை மாறியது. பல்சக்கரங்கள் பழையதே போதும், ஒயில் சீல் புதிது, பேரிங் ஒன்று புதிது, பேரிங் கழற்றும் புல்லர் கண்டியில் இரவல் என்று முடிவானது. "கையெல்லாம் கிரீஸ் புள்ள, நீயே எழுது" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. நான் எழுதினேன். பட்டியலில் இருப்பது எனது கையெழுத்து.

அவருக்கு இரண்டு வருடமாகக் கண் மங்கி வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி அதை என்னிடம் மறைக்கிறார். நானும் தெரியாதவள் போல் தேத்தண்ணீர்க் கோப்பையை எப்போதும் ஒரே இடத்தில் வைப்பேன்.

அதன் பிறகு பெட்டியைத் திரும்பப் பூட்டும் நாளில், புதிய பேரிங்கும் கழுவிய பழையதும் சாக்கின் மேல் அருகருகே கிடந்தன. அவர் இரண்டையும் விரலால் சுற்றிப் பார்த்தார். புதியது கட்டி கிரீஸினால் இறுக்கமாக இருந்தது. பழையது இலேசாகச் சுற்றியது. "இதுதான் புதுசு. எப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது பாத்தியா?" என்று பழையதைத் தூக்கிக் காட்டினார். அதில் சூடேறி நீலம் பாரித்த தழும்பு இருந்ததை நான் கண்டேன். "இது பழசுங்க" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ம்" என்றேன். பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று புதியதைப் பிஸ்கட் தகரத்தில் எடுத்து வைத்தேன். அன்றே முதலாளி ஜீப்பை எடுத்துப் போய்விட்டார்.

அதன் பிறகு ஜீப் கலேவெலயில் நின்றுவிட்டது. அங்கே பெட்டியைத் திறந்து பழைய பேரிங்கைக் கண்ட முதலாளி, எங்கள் வாசலுக்கு வந்து "கள்ளன்" என்று சத்தம் போட்டார். பிறகு இந்தப் பொலிஸில் முறைப்பாடும் கொடுத்தார். அவர் நட்டப்பட்டவர், கோபம் நியாயம். அந்த வார்த்தை நியாயமில்லை.

பழையது என்று தெரிந்தே போட்டதாக எனது கணவர் நேற்று இங்கே வாக்குமூலம் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அது பொய். பார்வை போன மெக்கானிக் என்பதைவிடக் கள்ளன் என்ற பெயர் மேல் என்று நினைத்துவிட்டார், பைத்தியக்கார மனிதர். தெரிந்தே சும்மா இருந்தவள் நான். குற்றம் எழுதுவதென்றால் என் பெயரில் எழுதுங்கள். புதிய பேரிங்கை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும் என்று சார்ஜன்ட் ஐயா சொன்னார். எனது கணவர் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பதால், கண் பற்றிய இடங்களை மட்டும் மெல்லிய குரலில் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அப்படியே வாசித்தார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மஸீனா