ஆறு வகுப்புக் குறிப்புகள்

நபுகீரா: கதவைச் சாத்து கிஜம்பு. இந்த ஏட்டுல இருக்கறது யார் கையெழுத்து?

கிஜம்பு: என்... என்னோடதுதான் டாக்டர்.

நபுகீரா: உனக்கு வழிகாட்டின்னு பல்கலைக்கழகம் யாரைப் போட்டிருக்கு?

கிஜம்பு: உங்களை.

நபுகீரா: உன் வகுப்புல உக்காந்து ஆறு தடவை குறிப்பு எழுத வேண்டியது?

கிஜம்பு: நீங்கதான். ஆனா நீங்க ஒரு தடவைகூட...

நபுகீரா: வரலை. அதனால நீயே எழுதிட்டே! என் பேர்ல! என்ன துணிச்சல்டா உனக்கு?

கிஜம்பு: நாலு மணிக்கு இந்த ஏடு டீன் மேசையில இருக்கணும் டாக்டர். இல்லேன்னா என் வேலை நிரந்தரமாகாது. கம்பாலாவிலேர்ந்து வேற ஆளு ரெடியா இருக்காராம். பிப்ரவரியிலேர்ந்து உங்க கதவைத் தட்டறேன். எப்பக் கேட்டாலும் 'அடுத்த வாரம்'னீங்க.

நபுகீரா: எனக்கு வேற வேலை இல்லையா? விடைத்தாள் அங்க மலையாக் குவிஞ்சு...

கிஜம்பு: மத்த வழிகாட்டிங்க எல்லாம் வகுப்பைப் பார்க்காமலே எழுதிக் குடுக்கறாங்க. கேன்டீன்ல வாழைக்காய் மட்டோக்கே தட்டு வர்றதுக்குள்ள ஆறு பக்கமும் முடிஞ்சிடுது. உங்களுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம்னுதான்...

நபுகீரா: ஆகா, என்ன நல்ல மனசு! பொய்தான் எழுதறே, புகழ்ந்தாவது எழுதியிருக்கக் கூடாதா? உன்னையே இப்படிக் கிழிச்சு வச்சிருக்கியே. கேளு... 'மாணவர்களைப் பார்ப்பதில்லை. பலகையைப் பார்த்தே பேசுகிறார்.' 'மண்ணைப் பற்றிய பாடம், வகுப்பில் ஒரு பிடி மண் இல்லை.'

கிஜம்பு: புகழ்ந்தா டீன் நம்பமாட்டார்.

நபுகீரா: சிரிக்க வைக்காதே, நான் கோபமா இருக்கேன். அடுத்தது... 'இவர் உதாரணம் சொல்லுமுன் மாணவர்களே முணுமுணுத்துவிடுகிறார்கள். பழைய வருடக் குறிப்பின் நகல் வாசல் கடையில் கிடைக்கிறது'... கிஜம்பு.

கிஜம்பு: டாக்டர்?

நபுகீரா: நீ பாடம் எடுக்க ஆரம்பிச்சு எத்தனை மாசம்?

கிஜம்பு: பத்து.

நபுகீரா: பத்து மாசக்காரனுக்குப் பழைய வருஷ நகல் ஏது?

கிஜம்பு: அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடறேன் டாக்டர், குடுங்க...

நபுகீரா: கையை எடு! இது யார் வகுப்பு?

கிஜம்பு: ...உங்களோடது.

நபுகீரா: எப்ப வந்தே?

கிஜம்பு: ஆறு தடவை. தொப்பியை இறக்கி விட்டுட்டு, கடைசி வரிசையில... கத்துக்கலாம்னுதான் வந்தேன், சத்தியமா. என் வகுப்பு எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது, அதுல என்னத்தை எழுத? நேத்து ராத்திரி அவசரத்துல, உங்க வகுப்புல பார்த்ததை அப்படியே...

நபுகீரா: பத்தொன்பது வருஷம். ஒருத்தர் வந்து எங்கிட்ட இதைச் சொன்னதில்லை.

கிஜம்பு: மன்னிச்சிடுங்க டாக்டர். நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு...

நபுகீரா: நாடகம் ஆடாதே. வலிக்குதுதான், ஆனா நீ எழுதினது எதுவும் பொய் இல்லை. மணி என்ன?

கிஜம்பு: ஒண்ணே முக்கால்.

நபுகீரா: ரெண்டு மணிக்கு உனக்கு வகுப்பு இருக்கில்லே? வர்றேன். பார்த்ததை ஒரே ஒரு பக்கம் எழுதுவேன். மிச்ச அஞ்சுக்கு நானே டீன்கிட்டப் போய், தப்பு என்னோடது, ரெண்டு மாசம் தவணை குடுங்கன்னு கேக்கறேன்.

கிஜம்பு: அவர் குடுக்கலேன்னா?

நபுகீரா: உன் வேலை போயிடும். என்னாலதான் போச்சுன்னு பல்கலைக்கழக செனட்டுக்கு எழுதிக் குடுப்பேன்.

கிஜம்பு: அதை வச்சு நான் வாடகை கட்ட முடியுமா? பிப்ரவரியிலேயே ஒரு தடவை வந்திருந்தா இந்தக் கண்றாவியே இல்லையே டாக்டர்! ஏன்தான் வரலை?

நபுகீரா: வந்தேம்ப்பா... மூணு தடவை, கதவு வரைக்கும். உள்ளே பசங்க எழுந்து நின்னு உன்னைக் கேள்வி கேட்டுட்டிருந்தாங்க. அதுல பாதிக்கு எனக்கே பதில் தெரியலை. உள்ளே வந்தா எவனாவது 'டாக்டர், நீங்க சொல்லுங்க'ன்னு என் பக்கம் திரும்பிடுவானோன்னு... பயந்து போயிட்டேன்.